பிழை நோக்காது ஏற்கும் பெருமான்

திருச்சிற்றம்பலம்

திருக்கோயில்களில் நாள்தோறும் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. வழிபட வந்தவர் பலரும் சந்நிதியை நோக்கி விரைந்து செல்ல, ஒருசிலர் மட்டும் கொடிமரத்தின் அருகிலேயே நின்று, தலை தாழ்த்தி, அங்கிருந்தபடியே கைகூப்பித் திரும்பிவிடுவர். நேரமின்மை இதற்குக் காரணமன்று. உள்ளே சென்று நிற்கத் தமக்குத் தகுதி உண்டா என்னும் ஐயமே அவர்களைத் தடுத்து நிறுத்துகிறது.

அடியேன் ஒரு சிவாலயத்து முன்மண்டபத்தில் ஞாயிறுதோறும் திருமுறை வகுப்பு நடத்தி வருகிறேன். அவ்வகுப்புக்கு முதியவர் ஒருவர் தவறாமல் வருவார். ஆனால் மண்டபத்தினுள் வந்து அமரமாட்டார். வெளியே படிக்கட்டில் அமர்ந்து கேட்டுவிட்டுச் சென்றுவிடுவார். ஒருநாள் அவரை அழைத்துக் காரணம் கேட்டேன். "முப்பது ஆண்டுகளைக் குடியிலே கழித்தவன் ஐயா நான். விட்டுவிடுகிறேன் என்று என் மனைவியிடம் எத்தனையோ முறை சத்தியம் செய்து கொடுத்தேன். அத்தனையையும் மீறினேன். அவள் போன பிறகுதான் விட்டேன். சாமி முன்னால் வந்து உட்கார மனம் கூசுகிறது" என்றார்.

நாம் வழக்கமாகச் சொல்லும் விடையையே நானும் சொன்னேன். "கண்ணப்பர் தந்த ஊனையே ஏற்றுக்கொண்ட பெருமான் உங்களை ஏற்கமாட்டாரா?" என்றேன். அதற்கு அவர் அமைதியாக, "கண்ணப்பர் அன்பினால் செய்தார் ஐயா. நான் அன்பினால் குடிக்கவில்லையே" என்றார்.

உண்மையில் அன்று என்னிடம் விடை இல்லை. வீடு திரும்பியதும் தேவாரத்தையும் பெரியபுராணத்தையும் மீண்டும் எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தேன். அப்பொழுது கண்டதையே இங்கு எழுதுகிறேன்.

ஏழாம் திருமுறையின் 55ஆம் பதிகம் திருப்புன்கூர்ப் பெருமான்மீது சுந்தரமூர்த்தி சுவாமிகள் அருளிச் செய்தது. தாம் இறைவனிடம் அடைக்கலம் புகுந்ததற்குக் காரணம் இன்னதென்று பாடல்தோறும் சொல்லிச் செல்லும் பதிகம் இது. அதில் ஒரு பாடலில் அடியார் எண்மரின் பெயர்களை வரிசையாகக் கூறுகின்றார். திருஞானசம்பந்தர், திருநாவுக்கரசர், திருநாளைப்போவார், சூதாட்டத்தில் வல்ல மூர்க்க நாயனார், சாக்கியர், சிலந்தி, கண்ணப்பர், கணம்புல்லர் என்போர் அவர்கள். இவர்கள் பிழை புரிந்த இடத்திலும் அதனை நன்மையாகவே எடுத்துக்கொண்ட உன் இயல்பைப் பார்த்துத்தான் உன்னிடம் வந்தேன் என்பது அப்பாடலின் கருத்து.

'உன் பெருமையைக் கண்டு வந்தேன்' என்று சொல்லியிருக்கலாம். 'உன் ஆற்றலைக் கண்டு வந்தேன்' என்றும் சொல்லியிருக்கலாம். நம்பியாரூரர் இவ்விடத்தில் அவ்வாறு கூறவில்லை. பிழை செய்தவர்களை அவன் எவ்வாறு நடத்துகிறான் என்பதைப் பார்த்துவிட்டே வந்ததாகச் சொல்கிறார்.

அந்த எண்மருள் சாக்கிய நாயனாரின் வரலாற்றை முதலில் காண்போம். திருச்சங்கமங்கையில் வேளாளர் குலத்தில் தோன்றிய இவர், பிறவித் துன்பம் நீங்கும் வழியைத் தேடிக் காஞ்சி நகர் சேர்ந்து, புத்த சமயத்தைக் கற்று அந்நெறியில் நின்றார். பின்னர்ச் சிவநெறியே மெய்ந்நெறி என்று தெளிந்தார். ஆயினும் தாம் பூண்ட சாக்கிய வேடத்தைத் துறக்கவில்லை. எந்தக் கோலத்தில் இருந்தாலும் சிவனடியை மறவாமையே வேண்டுவது என்று கருதினார். நாள்தோறும் சிவலிங்கத்தைக் கண்ட பின்னரே உண்பது என்று விரதம் பூண்டார். ஒருநாள் வெட்டவெளியில் இருந்த சிவலிங்கத்தைக் கண்டபோது உவகை மேலிட, இன்னது செய்கிறோம் என்பதையும் அறியாமல், அருகில் கிடந்த கல்லொன்றை எடுத்து அதன்மீது எறிந்தார். சிறு குழந்தை தந்தையை அடித்தால் தந்தைக்கு அது இன்பமாகத்தானே இருக்கும் என்று சேக்கிழார் பெருமான் இதற்கு அமைதி காட்டுகிறார். மறுநாள் அங்கு வந்தபோது, முதல்நாள் நிகழ்ந்தது திருவருளாலேயே நிகழ்ந்தது என்று துணிந்து, அதனையே தமது நித்திய வழிபாடாகக் கொண்டார்.

ஒருநாள் கல் எறிய மறந்து உண்ண அமர்ந்துவிட்டார். உடனே நினைவு வந்தது. பசியையும் எதிரே இருந்த உணவையும் விட்டு எழுந்தோடிச் சென்று கல்லை எறிந்தார். இறைவன் விடைமேல் தோன்றியது அன்றுதான். அத்தனை நாள் எறிந்த கற்களைக் காட்டிலும், மறந்துபோன ஒருநாள் பதறி ஓடிய ஓட்டம் இறைவனுக்கு இனிதாய் இருந்தது போலும் என்று அடியேனுக்குத் தோன்றுவதுண்டு.

திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தின் கீழிருந்த இறைவன்மீது சருகு விழாதிருக்கும்படி சிலந்தி ஒன்று வாய்நூலால் பந்தல் இட்டது. வழிபட வந்த யானையோ அதனைத் தூய்மையற்றது என்று கருதி அழித்தது. சிலந்தி மீண்டும் பின்ன, யானை மீண்டும் அழிக்க, முடிவில் சிலந்தி துதிக்கையினுள் புகுந்து கடிக்க, இரண்டும் மாய்ந்தன. சினமும் கொலையும் கலந்த அந்தத் தொண்டையும் இறைவன் தள்ளவில்லை. சுபதேவன், கமலவதி என்னும் சோழ மன்னனுக்கும் அரசிக்கும் மகவாகச் சிலந்தியைப் பிறப்பித்தான். கோச்செங்கட் சோழ நாயனார் அவரே.

கணம்புல்லர் கணம்புல்லை அரிந்து விற்று நெய் வாங்கித் திருவிளக்கு எரித்தவர். புல் விலைபோகாத நாளில் அப்புல்லையே திரித்து எரித்தார். எரிக்க வேண்டிய யாமம் முடியும்வரை அதுவும் போதாமற்போகவே, தம் தலைமயிரையே விளக்காக எரித்தார். மூர்க்க நாயனார் திருவேற்காட்டில் அடியார்க்கு அமுதளித்தே செல்வம் முழுவதையும் கரைத்தவர். பிறகு சூதாடிப் பொருளீட்டிக் குடந்தை முதலிய ஊர்களிலும் அத்தொண்டைத் தொடர்ந்தார். மறுத்தாடியவர்களைச் சுரிகையால் குத்தியும் இருக்கிறார்! இவரைப் பின்பற்றலாமா என்று வகுப்பில் இளைஞர் ஒருவர் கேட்டதுண்டு. கூடாது என்பதே விடை. சூதில் வந்த பொருளைத் தமக்கென்று தொடாமல், அடியார் அனைவரும் உண்டபின் கடைப்பந்தியில் அமர்ந்து உண்டவர் அவர். அந்த மனநிலை இல்லாதவர் கையில் சூது, சூதாகவே இருக்கும். கண்ணப்பர் வரலாறு யாவரும் அறிந்ததாகலின் இங்கு விரிக்கவில்லை.

திருநாளைப்போவாரிடம் வரும்போதுதான் அப்பாடலில் நமக்கு ஓர் இடர்ப்பாடு எழுகிறது. மற்றவரிடம் பிழை என்று சுட்டிக்காட்ட ஏதேனும் ஒரு செயல் இருக்கிறது. இவர் செய்த பிழை என்ன?

கொள்ளிடக் கரையில் மேற்காநாட்டு ஆதனூரில் பிறந்தவர் நந்தனார். சிவாலயங்களில் முழங்கும் பேரிகை முதலிய கருவிகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், இறைவன் அருச்சனைக்குக் கோரோசனையும் அளித்து வந்தார். அவர் தந்த தோல் கோயிலுக்குள் முழங்கியது. அவர் தந்த நரம்பு சந்நிதியில் இசைத்தது. அவர் மட்டும் வாயிலுக்கு வெளியே நின்றார். அவர் பிழை செய்யவில்லை. அவர் பிறப்பின்மீது ஊர் ஏற்றிவைத்த பிழை அது. சுந்தரர் அவரையும் இவ்வரிசையில் வைத்தது, உலகம் எதனைக் குற்றமென்று சொல்லியதோ அது இறைவன் கணக்கில் குற்றமே அன்று என்பதைக் காட்டவே எனக் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

திருப்புன்கூரில் நிகழ்ந்ததைப் பாருங்கள். சிவலோகநாதரை நேரே கண்டு கும்பிட வேண்டும் என்னும் ஆசையுடன் நந்தனார் வாயிற்புறத்தில் வந்து நின்றார். இடையே நந்தி மறைத்திருந்தது. அவர் வாய்திறந்து எதுவும் கேட்டதாகச் சேக்கிழார் கூறவில்லை. நேரே காண வேண்டும் என்று உள்ளத்தில் நினைந்தார், அவ்வளவே. இறைவன் தன் ஊர்தியை விலகச் செய்து காட்சி தந்தான். உள்ளே செல்ல இயலாத அன்பருக்காக உள்ளிருந்தவன் வழியை ஒழுங்கு செய்தான். நந்தனார் அக்காட்சியோடு திரும்பிவிடவில்லை. அருகில் பள்ளமான இடம் ஒன்றைக் கண்டு, அங்கே திருக்குளம் ஒன்றை அகழ்ந்து கொடுத்துவிட்டே சென்றார். தம்மை உள்ளே விடாத ஊருக்கு அவர் விட்டுச்சென்றது நீர்நிலை!

தில்லைக்குப் போக வேண்டும் என்னும் வேட்கை அவரை இரவில் உறங்கவிடாது. பொழுது விடிந்தால், போனாலும் உள்ளே செல்ல இயலாதே என்னும் எண்ணம் தடுக்கும். நாளைப் போவேன் என்பார். அதனாலேயே திருநாளைப்போவார் என்னும் பெயர் உண்டாயிற்று. ஒருநாள் துணிந்து புறப்பட்டார். தில்லையின் எல்லையை அடைந்தும் வேள்விப் புகையும் மறையொலியும் கண்டு உட்புக அஞ்சி, இரவும் பகலும் ஊரின் புறத்தே வலம் வந்தார். அயர்ந்து உறங்கியபோது கூத்தப்பெருமான் கனவில் தோன்றி, தீயில் மூழ்கி மறையவருடன் நம்மை வந்தடைக என்று பணித்தான். அவ்வாறே தில்லைவாழ் அந்தணர்க்கும் ஆணையிட்டான். அவர்கள் அஞ்சி, நந்தனாரிடம் வந்து, 'ஐயரே' என்று விளித்துச் செய்தியைத் தெரிவித்தனர். தெற்குத் திருவாயிலின் முன் தீ அமைக்கப்பட்டது. அதனுட் புகுந்தவர் முனிவர் கோலத்தோடு எழுந்து, அம்பலத்தை அடைந்து, பிறர் காணாதவாறு இறைவனோடு கலந்தார்.

அந்தத் தீ எதற்காக என்று கேட்பவர் இன்று பலர் உண்டு. கேட்பது முறையே. திருப்புன்கூரில் நந்தியை விலகச் செய்த பெருமானுக்கு, தில்லையில் நந்தனாரைத் தீயில் இறக்கித் தூய்மை செய்ய வேண்டிய தேவை இருந்திருக்க முடியாது. தேவை, பார்த்து நின்ற உலகத்துக்கு இருந்தது. நெருப்புக்குள் செல்லும் முன்பே அந்தணர் வாயில் 'ஐயரே' என்னும் சொல் வந்துவிட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது. (நந்தனாரைத் துன்புறுத்திய வேதியர் ஒருவர் நாடகங்களிலும் கதைகளிலும் வருகிறாரே, அவர் பெரியபுராணத்தில் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய கீர்த்தனைகளின் வழியாகவே அவர் மக்களிடையே நிலைபெற்றார்.)

இறைவன் தெளிவாகக் காட்டியதை ஏற்க நாம் எடுத்துக்கொண்ட காலம் மிக நீண்டது. 1936ஆம் ஆண்டு நவம்பரில் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியாயிற்று. 1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட வகுப்பினரை அழைத்துச் சென்றார். சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்துக்கான விரிவான சட்டம் 1947இல் வந்தது. நந்தனார் வரலாற்றை நூற்றாண்டுகளாகப் பாடிவந்த நாடு இது. அவரை நாயன்மார் வரிசையில் நிறுத்திப் பூசித்துக்கொண்டே அவர் சுற்றத்தாரை வெளியே நிறுத்தியிருந்தோம்.

இதுவரை கண்டவற்றால் ஒன்று விளங்கும். அன்பினால் செய்த பிழையும் இறைவன் ஏற்றவை; உலகம் சுமத்திய பிழை அவன் கணக்கிலேயே இல்லை. ஆனால் படிக்கட்டில் அமர்ந்திருந்த முதியவரின் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. அன்பினால் அன்றி, தன் இச்சையால் தவறி, சொன்ன சொல்லை மீறியவனுக்கு என்ன வழி?

இதற்கு விடை அப்பாடலில் வரும் எண்மரிடம் இல்லை, பாடியவரிடம் இருக்கிறது.

திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்குமுன், அவரைப் பிரியமாட்டேன் என்று சுந்தரர் சபதம் செய்து கொடுக்க நேர்ந்தது. சந்நிதியில் சபதம் செய்யும்போது பெருமான் மகிழமரத்தடிக்குச் சென்றுவிட வேண்டும் என்று அவர் முன்கூட்டியே விண்ணப்பித்துக் கொண்டார். பின்னர் மீறினாலும் சந்நிதியில் பெருமான் இல்லாதபோது செய்த சபதம் அன்றோ என்பது அவர் எண்ணம். பெருமானோ சங்கிலியாருக்கு, மகிழின் கீழேயே சபதம் பெறும்படி உணர்த்திவிட்டான்! வேறு வழியின்றி மகிழடியில் சபதம் செய்தார். வேனிற்காலம் வந்ததும் திருவாரூர் நினைவு மேலிட்டது. சபதத்தை மீறிப் புறப்பட்டார். திருவொற்றியூர் எல்லையைக் கடந்ததும் இரு கண்களும் ஒளி இழந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தம்பிரான் தோழர் என்று பெயர்பெற்ற அடியார்க்கும் சபதம் தவறியது தவறே ஆயிற்று. அதனைக் குணம் என்று இறைவன் பாராட்டவில்லை, தண்டித்தான். ஆயினும் வராதே என்று சொல்லவில்லை. கண் தெரியாத நிலையில் சுந்தரர் திரும்பியும் போகவில்லை. கோயில்தோறும் சென்று பாடிக்கொண்டே நடந்தார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சித் திருவேகம்பத்தில் இடக்கண் கிடைத்தது. திருவாரூரில் வலக்கண் கிடைத்தது. ஒரே இடத்தில், ஒரே நாளில் அனைத்தும் கிடைத்துவிடவில்லை. முதலில் கிடைத்தது பார்வையன்று, நடப்பதற்கு ஒரு கோல். இடையில் அவர் இறைவனோடு சண்டையும் இட்டார். ஏழாம் திருமுறையின் 95ஆம் பதிகத்தைப் படிப்பவர்கள், ஓர் அடியவர் தம் ஆண்டவனிடம் இவ்வளவு உரிமையோடு கடிந்து பேச இயலுமா என்று வியப்பர். அந்தச் சண்டையையும் கேட்டுக்கொண்டுதான் பெருமான் வலக்கண்ணை அளித்தான்.

அதன் பின்னரும் கதை முடியவில்லை. பரவையாரின் ஊடலைத் தணிக்க இறைவனையே தூது அனுப்பினார் சுந்தரர். இதனைக் கேட்டுத் திருப்பெருமங்கலத்து ஏயர்கோன் கலிக்காம நாயனார் கொதித்தார். ஆண்டவனை ஏவல் கொண்டவன் முகத்திலும் விழியேன் என்றார். கலிக்காமருக்குச் சூலைநோய் வந்தது. அதனைத் தீர்க்க வல்லவன் வன்றொண்டனே என்று இறைவன் உணர்த்தினான். அவனால் நோய் தீர்வதைவிட உயிர் விடுவதே நன்று என்று கலிக்காமர் உடைவாளால் தம் வயிற்றைக் கிழித்துக்கொண்டார். வந்து கண்ட சுந்தரரும் அதே வாளால் மாயத் துணிந்தார். அப்போது இறையருளால் உயிர்பெற்றெழுந்த கலிக்காமர் அவர் கையிலிருந்த வாளைப் பற்றிக்கொண்டார். இருவரும் ஒருவரையொருவர் வணங்கினர்.

அன்றிலிருந்து நண்பரான அவ்விருவரும் ஒன்றாகச் சென்று வழிபட்ட தலமே திருப்புன்கூர். நாம் மேலே கண்ட பதிகத்தைச் சுந்தரர் பாடியது அப்போதுதான் என்கிறார் சேக்கிழார். நோய் தீர்ந்த ஏயர்கோனைப் பற்றிய குறிப்பும் அப்பதிகத்திலேயே உள்ளது. சபதம் தவறிக் கண்ணிழந்து பெற்ற ஒருவர். அடியவர்மீது பகைகொண்டு உயிரையே விடத் துணிந்த ஒருவர். இருவரும் அருகருகே நிற்க, அங்கேதான் பிழை செய்தவரை இறைவன் எவ்வாறு ஏற்கிறான் என்னும் பாட்டுப் பிறந்தது. ஏட்டில் கற்றதை அவர் பாடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவ்வளவையும் வகுப்பில் சொன்னேன். அந்த முதியவரை நோக்கிச் சொல்லவில்லை, பொதுவாகவே சொன்னேன். வகுப்பு முடிந்ததும் அவர் படிக்கட்டிலிருந்து எழுந்து வந்து, "கண் தெரியாமல் இருந்தபோது அவர் பாடினார் என்றீர்களே, அவை எந்தப் பதிகங்கள்?" என்று கேட்டார். திருவெண்பாக்கம் 89, காஞ்சிபுரம் 61, திருவாரூர் 95 என்று எழுதிக் கொடுத்தேன். "முதலில் எதைப் படிக்க?" என்றார். ஊன்றுகோல் பெற்ற பதிகத்தைப் படியுங்கள் என்றேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சென்றார். இப்பொழுது அவர் மண்டபத்தின் முதல் தூணருகே அமர்கிறார்.

மயிலாடுதுறை மாவட்டத்தில் வைத்தீசுவரன்கோயிலுக்கு அருகே திருப்புன்கூர் அமைந்துள்ளது. மூவர் பாடலும் பெற்ற தலம். வழிபடச் செல்லும் அன்பர்கள் உடனே உள்ளே சென்றுவிடாமல், வாயிலில் நந்தனார் நின்ற இடத்தில் சற்றே நின்று உள்ளே நோக்கவும். நந்தி இன்றும் ஒருபுறம் விலகியே இருக்கிறது. சிவலோகநாதர் சந்நிதி நேரே தெரியும்.

திருச்சிற்றம்பலம்